முகவரி பிறையில், குழந்தை ஆயர் ஈத்தாமில்: பிறந்த நான்காம் நாள் மஞ்சளும் எடைக்குறைவும் (நிகழ்வு ஆய்வு)

இது மலேசியாவின் பினாங்கில் நடந்த ஒரு நிகழ்வின் பதிவு. குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதப்படுகிறது. பெயர்கள் இல்லை, அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. கர்ப்பிணிகள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மா மாமியார், கணவன்மார், கிளினிக்கில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் இது பயன்பட வேண்டும்.

பின்னணி

தாய்க்கு வயது 28, தலைப்பிரசவம். கணவனும் மனைவியும் பினாங்கின் பெருநிலப் பகுதியில், பிறை என்ற ஊரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். கர்ப்பகாலப் பரிசோதனை எல்லாம் அங்குள்ள அரசாங்க கிளினிக்கில்தான். பிங்க் புத்தகத்தின் (கர்ப்பகாலப் பதிவேட்டின்) முதல் பக்கத்தில் பிறை முகவரி, கணவனின் கைப்பேசி எண், மனைவியின் பழைய ப்ரீபெய்ட் எண் மூன்றும் இருந்தன. அந்த ப்ரீபெய்ட் எண் ஏழாம் மாதமே காலாவதியாகிவிட்டது. யாரும் திருத்தவில்லை.

26ஆம் வாரத்தில் எம்ஜிடிடி (75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனை) எடுத்தபோது வெறும் வயிற்றில் 5.3 மில்லிமோல், இரண்டு மணி நேரம் கழித்து 8.4 வந்தது. மலேசியாவில் வெறும் வயிற்றில் 5.1 அல்லது இரண்டு மணி நேரத்தில் 7.8 தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கு. இந்தத் தாய்க்கு மாத்திரையோ ஊசியோ தேவைப்படவில்லை. சோற்றின் அளவைக் குறைத்து, இனிப்புப் பானங்களை நிறுத்தியதிலேயே கட்டுக்குள் வந்தது. இரத்த வகை பி பாசிட்டிவ். எட்டாம் மாத முடிவில் ஹீமோகுளோபின் 10.4; இரும்புச்சத்து மாத்திரை எடுத்துவந்தார்.

கணவன் பிறை தொழிற்பேட்டையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு வேலை. வேலை நேரத்தில் கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். 2023 ஜனவரி முதல் தனியார் துறையில் தந்தைக்கு ஏழு நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆனால் அதே முதலாளியிடம் குறைந்தது பன்னிரண்டு மாதம் வேலை செய்திருக்க வேண்டும். இவர் அங்கே சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆகவே சொந்த விடுப்பில் இரண்டு நாள்தான் கிடைத்தது. சின்ன விஷயமாகத் தெரிந்தாலும், பின்னால் நடந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

பத்தியம் தாய்வீட்டில் என்று முதலிலிருந்தே முடிவு. அந்த வீடு பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். புத்தகத்தில் மட்டும் இல்லை.

பிரசவமும் முதல் 37 மணி நேரமும்

37 வாரம் ஒரு நாளில் வலி தானாக வந்தது. பெருநிலத்தில் உள்ள அரசாங்க மருத்துவமனையில், ஏறக்குறைய 19 மணி நேர வலிக்குப் பிறகு, வியாழன் இரவு 9.40க்கு இயல்பான பிரசவம். ஆண் குழந்தை, 2.82 கிலோ. பிறந்ததும் அழுதது. தாயின் நெஞ்சில் போட்டு, முதல் ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் வைத்தார்கள்.

தாய்க்குச் சர்க்கரை இருந்ததால் குழந்தையின் குதிகாலில் குத்தி இரத்தச் சர்க்கரை பார்க்கப்பட்டது. மூன்று முறையும் சரியாக இருந்தது. நம் நாட்டில் வழக்கமாகச் செய்வதுபோல் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் நொதி), தைராய்டு இரண்டும் சோதிக்கப்பட்டன. இரண்டும் இயல்பு. ஜி6பிடி குறைபாடு இருந்திருந்தால் குழந்தையை வார்டிலேயே சில நாள் வைத்துக் கவனித்திருப்பார்கள். அந்தக் குறைபாடு இல்லை என்ற நிம்மதியில், மஞ்சள் (காமாலை) வேறு வழியிலும் வரலாம் என்ற எச்சரிக்கை கொஞ்சம் தளர்ந்தது.

குழந்தை நிறையத் தூங்கியது. 37 வாரத்துக் குழந்தை பார்க்க முழுமையாக இருக்கும். ஆனால் தானாக விழித்து, வாய் பெரிதாகத் திறந்து, களைப்பில்லாமல் இருபது நிமிடம் குடிக்கும் தெம்பு 39, 40 வாரக் குழந்தைக்கு இருக்கும் அளவுக்கு இதற்கு இருக்காது. பதிவேட்டில் ‘தாய்ப்பால் குடிக்கிறது’ என்று ஒவ்வொரு ஷிப்டிலும் எழுதப்பட்டிருந்தது. யாரும் ஒரு முழுத் தடவை பக்கத்தில் உட்கார்ந்து விழுங்கும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்ததாகக் குறிப்பு இல்லை.

சனிக்கிழமை காலை 11 மணிக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது எடை 2.70 கிலோ, அதாவது 4 விழுக்காடு குறைவு. முதல் மூன்று நான்கு நாளில் 7 விழுக்காடு வரை குறைவது சாதாரணம் என்பதால் யாருக்கும் கவலை எழவில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதிக்கான தகவல் பிறை கிளினிக்குக்கு அனுப்பப்பட்டது. கார் பாலத்தைத் தாண்டி ஆயர் ஈத்தாமுக்குப் போனது.

சனி மாலை முதல் திங்கள் காலை வரை

வீட்டில் வரவேற்பு சிறப்பாக நடந்தது. பெரிய தாத்தா சேனை வைத்தார். விரல் நுனியில் சர்க்கரைத் தண்ணீர். அதோடு நிற்கவில்லை. ‘வாய் வறளக்கூடாது’ என்று நாளுக்கு மூன்று முறை இரண்டு தேக்கரண்டி சர்க்கரைத் தண்ணீர் தொடர்ந்தது. குழந்தையைப் பெடோங் துணியில் இறுக்கமாகச் சுற்றி, ஸ்பிரிங் தொட்டிலில் போட்டார்கள். ஆட்ட ஆட்ட அது தூங்கியது. ஞாயிறு பகலில் ஒருமுறை ஐந்தரை மணி நேரம் எழவே இல்லை. ‘பச்சப்புள்ள தூங்குனாத்தான் வளரும், எழுப்பாதே’ என்றார் பாட்டி. அவர் ஐந்து பிள்ளைகள் வளர்த்தவர், அக்கறையோடு சொன்னவர். ஆனால் முதல் வாரத்தில், எடை குறைந்துகொண்டிருக்கும் குழந்தை அழாமல் நீண்ட நேரம் தூங்கினால் அதை அமைதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஆபத்தின் அறிகுறியாக இருக்கலாம். பால் குறைவாகக் கிடைத்தால் குழந்தை சோர்கிறது. சோர்ந்தால் எழுந்து கேட்பதில்லை. கேட்காவிட்டால் மார்பும் தூண்டப்படுவதில்லை.

தாய்க்குப் பூண்டு, சுறாப்புட்டு, பத்தியக் குழம்பு எல்லாம் தடையின்றிக் கிடைத்தன. தண்ணீர் மட்டும் ‘வயிறு ஊதிவிடும்’ என்று கால் தம்ளர், அரை தம்ளர் வெந்நீராகத்தான். மூன்றாம் நாள் முடியும் வரை மார்பு கனக்கவில்லை. தலைப்பிரசவம், நீண்ட வலி, கர்ப்பகாலச் சர்க்கரை: பால் இறங்குவது 72 மணி நேரத்தைத் தாண்டித் தாமதமாவதற்கு இந்த மூன்றுமே தெரிந்த காரணங்கள். இதை அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ‘எனக்குப் பால் இல்லை’ என்று தனக்குள் முடிவு கட்டியிருந்தார், வெளியே சொல்லவில்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிறை கிளினிக்கின் தாதி அடுக்குமாடிக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. கணவனின் எண்ணுக்கு மூன்று முறை அழைத்தார். கைப்பேசி லாக்கரில் இருந்தது. இன்னொரு எண் செயலில் இல்லை. கதவடியில் துண்டுச்சீட்டு வைத்துவிட்டு வந்தார். கணவன் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பிச் சீட்டைப் பார்த்தார். கிளினிக் மூடியிருந்தது. மனைவியிடம் பேசியபோது ‘பிள்ளை நல்லாத் தூங்குது’ என்றார். காலையில் கூப்பிடலாம் என்று விட்டார்.

அன்று மாற்றிய பேம்பர்ஸ் மொத்தம் இரண்டு. ஒன்றில் செங்கல் நிறக் கறை. இரத்தமோ என்று தாய் பயந்தார், சூடு என்று வீட்டில் சொன்னார்கள். அது யூரேட் படிகம். சிறுநீர் மிகக் கெட்டியாக இருப்பதன் அடையாளம். முதல் இரண்டு நாளில் தென்பட்டால் கவலை இல்லை. மூன்றாம் நாளுக்குப் பிறகும் வந்தால் குழந்தைக்குப் பால் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு அன்றே தாதியிடமோ மருத்துவரிடமோ காட்ட வேண்டும்.

திங்கள் காலை குளிப்பாட்ட வந்த சித்திதான் கண்ணின் வெள்ளையில் மஞ்சளைக் கண்டார். ‘கூனிங் (மஞ்சள்) மாதிரி இருக்கு’ என்று ஜன்னலோரம் பத்து நிமிடம் வெயிலில் காட்டினார்கள். பத்து மணி இடைவேளையில் கணவன் பிறை கிளினிக்கைக் கூப்பிட்டார். அவர்கள் உடனே தீவுப் பக்கத்துக் கிளினிக்குக்குத் தகவல் மாற்றினார்கள். பிற்பகல் 2.40க்கு ஆயர் ஈத்தாம் பகுதியின் சமூகத் தாதி வாசலில் நின்றார். அப்போது குழந்தைக்கு வயது 89 மணி நேரம்.

தாதி பார்த்தவை

முதலில் எடை. துணி, பேம்பர்ஸ், கறுப்புக் கயிறு எல்லாம் கழற்றி, தரையில் சமமாக வைத்த தராசில் இரண்டு முறை: 2.48 கிலோ. பிறந்த எடையிலிருந்து 340 கிராம் குறைவு, 12 விழுக்காடு. இதை வீட்டிலேயே கணக்குப் பார்க்கலாம். பிறந்த எடையைக் கிராமில் எழுதி, கடைசி இலக்கத்தை நீக்கினால் பத்து விழுக்காடு கிடைக்கும். 2820க்கு அது 282 கிராம். அதற்கு மேல் குறைந்திருந்தால் நாளை வரை காத்திருக்கக் கூடாது.

அடுத்து நிறம். குழந்தையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், விளக்கை அணைத்து, மூக்கு நுனி, நெஞ்செலும்பு, தொடை, கணுக்கால் என்று ஒவ்வொரு இடத்திலும் விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார். அழுத்தி எடுத்த இடம் ஒரு நொடி வெளிறும்போதுதான் மஞ்சள் தெரியும். முழங்காலுக்குக் கீழ் வரை மஞ்சள் இருந்தது. நம் பிள்ளைகளின் மாநிறத்தில் தோலை மட்டும் பார்த்து அளவு சொல்வது நம்பத்தக்கதல்ல. ஈறும் கண்ணின் வெள்ளையும் கூடுதலாக உதவும். எந்தப் பார்வையும் இரத்தப் பரிசோதனைக்கு ஈடாகாது.

மலம் இன்னும் கரும்பச்சை. நான்காம் நாளில் அது மஞ்சளை நோக்கி மாறியிருக்க வேண்டும். வாய் ஒட்டும் பதத்தில் இருந்தது. உச்சிக்குழி சற்றே உள்வாங்கியிருந்தது. காய்ச்சல் இல்லை. குதிகாலைத் தேய்த்தால் முனகும், மறுபடி கண்ணை மூடிக்கொள்ளும்.

பிறகு, தாயைப் பால் கொடுக்கச் சொல்லிப் பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். குழந்தை முகம் மேலே பார்த்தபடி மல்லாந்து கிடக்க, கழுத்தை மட்டும் திருப்பிக் காம்பின் நுனியைக் கவ்வியிருந்தது. மூன்று நான்கு முறை வேகமாகச் சப்பல், பிறகு தூக்கம். விழுங்கும் ‘க்’ சத்தம் ஒருமுறைதான் கேட்டது. வாயிலிருந்து வந்த காம்பு ஒரு பக்கம் தட்டையாக அழுந்தி, நுனியில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது.

வீட்டில் அந்துருண்டை உண்டா என்றும் கேட்டார். அக்காள் பிள்ளையின் பழைய சட்டைகள் அந்துருண்டை போட்ட பெட்டியிலிருந்துதான் எடுக்கப்பட்டிருந்தன. இந்தக் குழந்தைக்கு ஜி6பிடி இயல்பு என்பதால் இந்த மஞ்சளுக்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் துணிகளை அப்போதே ஒதுக்கச் சொன்னார். ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தையின் சிவப்பணுக்களை அந்துருண்டையின் நாப்தலீன் வாடையே உடைத்துவிடும். பெண் குழந்தைகளில் பாதிக் குறைபாடு பிறப்புச் சோதனையில் தப்பிவிடவும் கூடும். பிள்ளை உள்ள வீட்டில் அந்துருண்டை வேண்டவே வேண்டாம்.

ஏன் நேரே மருத்துவமனைக்கு

கிளினிக்குக்கு அழைத்துப்போய் இரத்தம் எடுத்து, முடிவு வந்ததும் தீர்மானிப்பது ஒரு வழி. மஞ்சள் மட்டும் இருந்து, குழந்தை சுறுசுறுப்பாகக் குடித்துக்கொண்டிருந்தால் அதுவே போதும். இங்கே மூன்று சேர்ந்திருந்தன: முழங்காலுக்குக் கீழ் மஞ்சள், பத்து விழுக்காட்டுக்கு மேல் எடைக்குறைவு, எழுப்பினாலும் சரியாக எழாத சோர்வு. கூடவே 37 வாரம். தாதி கடிதம் எழுதி மருத்துவமனைக்கு அனுப்பினார். போன் செய்தும் சொன்னார்.

புறப்படுமுன் இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார். அந்த இருபது நிமிடம் வீணல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தாயின் மார்பை வெதுவெதுப்பான துணியால் ஒற்றி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருவட்டத்துக்கு வெளியே இருக்குமாறு வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்துப் பிழியக் காட்டிக்கொடுத்தார். காம்பை இழுப்பதால் பால் வராது, புண்தான் வரும். இரு பக்கமும் சேர்த்து 12 மில்லி கெட்டிப் பால் கிடைத்தது. சிறு கரண்டியால் நிமிர்ந்த நிலையில் கொடுத்தார்கள். ‘பால் இல்லை’ என்று நினைத்திருந்த தாய் அந்தக் கரண்டியைப் பார்த்து அழுதார். அதற்கப்புறம் அவர் தாதியிடம் கேட்ட முதல் கேள்வி: ‘மிஸ்ஸி, இன்னும் எடுக்கலாமா?’

சர்க்கரைத் தண்ணீரை அந்த நிமிடமே நிறுத்தினார்கள். காரணம் பாட்டிக்கும் விளக்கப்பட்டது. குழந்தையின் பழைய சிவப்பணுக்கள் உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதைக் குடலுக்கு அனுப்புகிறது, மலத்தோடு வெளியேற வேண்டும். பால் குறைந்தால் மலம் குடலிலேயே தங்குகிறது, அதிலுள்ள மஞ்சள் மறுபடி இரத்தத்துக்கு ஏறுகிறது. சீம்பால் மலத்தை இளக்கித் தள்ளும். சர்க்கரைத் தண்ணீர் தள்ளாது. வயிற்றை மட்டும் அடைத்து, அடுத்த பால் நேரத்தைத் தள்ளிப்போடும்.

வார்டில்: திங்கள் மாலை முதல் வியாழன் வரை

4.50க்கு எடுத்த இரத்தத்தில் பிலிரூபின் 306 மைக்ரோமோல். பழைய கணக்கில் 17.9 மில்லிகிராம் (மைக்ரோமோலை 17.1ஆல் வகுத்தால் வரும்). 37 வார, 91 மணி நேரக் குழந்தைக்கு ஒளிச்சிகிச்சை எல்லையைத் தாண்டிய அளவு. இரத்தம் மாற்றும் எல்லைக்கு இன்னும் கீழே. சோடியம் 149 (145க்கு மேல் போகக் கூடாது). சர்க்கரை 2.9. கிருமித்தொற்றுக்கான அறிகுறி எதுவும் இரத்தத்தில் இல்லை. குழந்தையின் இரத்த வகையும் பி பாசிட்டிவ் என்பதால் தாய்-சேய் இரத்த வகை மோதலும் இல்லை. பால் போதாமையே முதன்மைக் காரணம், 37 வாரத்துக் கல்லீரலின் முதிர்ச்சியின்மை துணைக்காரணம் என்று குழந்தை மருத்துவர் முடிவு செய்தார்.

5.40க்கு மேலும் கீழுமாக இரண்டு நீல விளக்கில் வைத்தார்கள். கண்ணுக்கு மறைப்பு, இடுப்பில் பேம்பர்ஸ் மட்டும். சாக்ஸ், கையுறை, தொப்பி எதுவும் கூடாது. ஒளி படும் தோல்தான் மருந்து வாங்கும் இடம். ஜன்னல் வெயிலில் ஏன் இது நடக்காது என்று தந்தை கேட்டார். பிலிரூபினைக் கரையும் வடிவத்துக்கு மாற்றுவது 460 முதல் 490 நானோமீட்டர் வரையான நீல ஒளி. விளக்கில் அது அளந்து, இடைவிடாமல், உடல் முழுவதும் படுகிறது. பத்து நிமிட வெயிலில் அந்த அளவு கிடைக்காது. போதுமான நேரம் காட்டினால் குழந்தை சூடேறி நீர் வற்றும், தோல் வெந்துபோகும். இந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே நீர் வற்றியிருந்தது. மஞ்சளுக்கு வெயில் காட்டுவதை மலேசிய மருத்துவ வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை.

அடுத்த கேள்வி, நரம்பில் டிரிப் போடுவதா, வாய்வழிப் பாலா. குழந்தையால் விழுங்க முடிந்தது, சர்க்கரை சரியாக இருந்தது, சோடியம் மிக அதிகமில்லை. ஏறிய சோடியத்தை வேகமாக இறக்கினால் மூளை வீங்கும் அபாயம் உண்டு. பாலாகக் கொடுத்தால் மெதுவாக இறங்கும். ஆகவே டிரிப் இல்லை.

அளவு இப்படிக் கணக்கிடப்பட்டது: பிறந்த எடை 2.82 கிலோ, கிலோவுக்கு நாளுக்கு 100 மில்லி, மொத்தம் 282. எட்டுத் தடவையாகப் பிரித்தால் தடவைக்கு ஏறக்குறைய 35 மில்லி. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை விளக்கிலிருந்து எடுத்து, கண்மறைப்பைக் கழற்றி, முதலில் மார்பில் வைப்பது. பிறகு பிழிந்த தாய்ப்பால் எவ்வளவு இருக்கிறதோ அது, மீதிக்கு மாவுப்பால், சிறு கிண்ணத்தில். எல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குள் முடித்து மறுபடி விளக்கில். மாவுப்பால் சேர்த்ததில் தாய் மனம் வருந்தினார். அது தோல்வி இல்லை, இரண்டு நாளுக்கான மருந்து என்று பாலூட்டல் ஆலோசகர் சொன்னார். எப்போது நிறுத்துவோம் என்பதையும் அப்போதே சொன்னார். அந்த முடிவுத் தேதி சொல்லப்படாத இடங்களில்தான் மாவுப்பால் மாதக்கணக்கில் நீடிக்கிறது.

இரவு 10.40க்குப் பிலிரூபின் 290. செவ்வாய் காலை ஆறு மணிக்கு 247, சோடியம் 146. மாலை ஆறுக்கு 205. ஒன்பது மணிக்கு விளக்கை நிறுத்தினார்கள். பன்னிரண்டு மணி நேரம் கழித்து 214. இந்த அளவு மீளேற்றம் எதிர்பார்த்ததே. விளக்கில் இருந்த குழந்தையின் தோல் வெளுத்துத் தெரியும், உள்ளே அளவு குறையாமல் இருக்கலாம். அதனால் நிறத்தை நம்பாமல் இரத்தத்தைத்தான் நம்ப வேண்டும். புதன்கிழமை சோடியம் 141, எடை 2.57.

பால் எப்படி வந்தது

கவ்வும் நிலையைத் திருத்தியதே பெரிய மாற்றம். வலப்பக்கம் கொடுக்கும்போது இடக்கையால் குழந்தையைத் தாங்குவது. பிடி தோள்பட்டையிலும் கழுத்தடியிலும்தான் இருக்க வேண்டும், பின்மண்டையை அழுத்தக் கூடாது. காது, தோள், இடுப்பு ஒரே நேர்க்கோட்டில். மூக்கு காம்புக்கு நேரே இருக்கட்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டு, வாய் கொட்டாவி அளவுக்குத் திறக்கும் வரை பொறுத்து, தாடை முதலில் மார்பில் படும்படி சேர்ப்பது. கருவட்டத்தின் கீழ்ப்பகுதி அதிகம் வாய்க்குள் போக வேண்டும். சப்பல் நின்றால் மார்பை மெதுவாக அழுத்திக் கொடுப்பது. தூங்கினால் துணியை விலக்கி, உள்ளங்காலைத் தேய்த்து, பேம்பர்ஸ் மாற்றி, அடுத்த பக்கம்.

ஒவ்வொரு தடவைக்கும் பிறகு பம்பு, பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்; இரவு இரண்டு மணிக்கும் சேர்த்து. திங்கள் இரவு 8 மில்லி, 10 மில்லி. செவ்வாய் விடியலில் மார்பு கனத்தது. செவ்வாய் மாலை 30. புதன் இரவு 45 வந்ததும் மாவுப்பாலை நிறுத்தினார்கள்.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லிட்டர் லிட்டராகக் குடித்தால் பால் பெருகாது. அதற்காகத் தாகத்தோடு கிடக்க வேண்டும் என்பதும் இல்லை. அது மலச்சிக்கலையும் தலைவலியையும் தையல் வலியையும்தான் கூட்டும். பூண்டும் சுறாவும் தொடரட்டும், பால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தம்ளர் வெந்நீர் பக்கத்தில் இருக்கட்டும் என்று பாட்டியோடு பேசி முடிவானது. பத்தியத்தையே தூக்கி எறியச் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வியாழன் காலை, ஏழு நாள் வயதில், 2.61 கிலோவோடு வீடு திரும்பினார்கள்.

வீடு திரும்பிய பின்

தாதி பாட்டியிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தார்: ‘அம்மா, இனிமே நீங்கதான் கணக்குப்பிள்ளை.’ சமையலறையில் தொங்கிய குதிரைக் காலண்டரின் கட்டத்தில், ஈரப் பேம்பர்ஸுக்கு ஒரு கோடு, மலத்துக்கு ஒரு புள்ளி. முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, அப்படியே ஏறி, ஐந்தாம் நாளிலிருந்து குறைந்தது ஆறு ஈரம். இப்போதைய பேம்பர்ஸ் ஈரத்தை மறைத்துவிடும் என்பதால், புதிய ஒன்றில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பார்க்கச் சொன்னார். அதுதான் ஒரு நல்ல ஈரத்தின் கனம். எழுப்பாதே என்று முன்பு சொன்ன பாட்டிதான் இரவில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து மகளை எழுப்பினார். பிறந்த எடையை மீண்டும் தொடும் வரை எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். அதன் பிறகு குழந்தை தானே எழும்.

பதினைந்தாம் நாள் எடை 2.84, பிறந்த எடையைத் தாண்டிவிட்டது. நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்லது. இது 29 ஏறியிருந்தது. கண்ணில் லேசான மஞ்சள் இன்னும் இருந்தது. பதினான்கு நாளுக்கு மேல் நீடிக்கும் மஞ்சளைத் தாய்ப்பால் மஞ்சள் என்று சொல்லி விட்டுவிடக் கூடாது. மலம் வெளிறிச் சுண்ணாம்பு நிறமாக இருக்கிறதா, சிறுநீர் பேம்பர்ஸில் அடர்மஞ்சள் கறை பிடிக்கிறதா என்று பார்த்து, இரத்தத்தில் நேரடி பிலிரூபினையும் (கல்லீரல் மாற்றிவிட்ட பிலிரூபின்) எடுத்தார்கள். பித்தநாள அடைப்பாக இருந்தால் அறுவை சிகிச்சை இரண்டு மாத வயதுக்குள் நடப்பதே நல்லது. நாள் போகப்போகப் பலன் குறையும். இந்தக் குழந்தைக்கு மலம் கடுகு மஞ்சள், நேரடி பிலிரூபின் இயல்பு. ஐந்தாம் வாரத்தில் கண் தெளிந்தது. ஒரு மாதத்தில் 3.32 கிலோ.

இனி மாற்ற வேண்டியவை

மிக முக்கியமானது முகவரி. ‘உங்கள் முகவரி என்ன’ என்று கேட்டால் வீட்டு முகவரிதான் வரும். 36ஆம் வாரத்தில் கேட்க வேண்டிய கேள்வி: ‘பிள்ளை பெற்ற மறுநாள் எந்த வீட்டில் படுத்திருப்பீர்கள்? பகலில் அந்த வீட்டில் போன் எடுப்பவர் யார்?’ தாய்வீட்டுக்குப் போகும் வழக்கம் உள்ள நம் குடும்பங்களில் இந்தப் பதில் பாதி நேரம் வேறு மாவட்டமாக இருக்கும். பிங்க் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அதைப் பெரிதாக எழுதி, மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது கவுண்டரில் மறுபடி சொல்ல வேண்டும். ஞாயிறு காலையே தாதி சரியான வாசலில் நின்றிருந்தால் எடைக்குறைவு அப்போதே பிடிபட்டிருக்கும். மஞ்சள் வந்தாலும் விளக்கு வரை போயிருக்காது என்பதே எங்கள் கணிப்பு. அழைத்தும் கிடைக்காத வீட்டை அன்று மாலைக்குள் வேறு வழியில் தேடும் ஏற்பாடும் கிளினிக்குக்கு வேண்டும். துண்டுச்சீட்டு போதாது. இந்த நிகழ்வுக்குப் பிறகு, பிறை கிளினிக்கில் பத்திய முகவரிக்குத் தனி வரி சேர்த்திருக்கிறார்கள்.

மருத்துவமனையின் பங்கில், 37 வாரக் குழந்தைக்கும் சர்க்கரை இருந்த தாயின் குழந்தைக்கும் வீட்டுக்கு அனுப்புமுன் ஒரு முழுப் பாலூட்டலை ஒருவர் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். அப்படிப்பட்ட தாய்மாருக்கு மருத்துவர் சரி என்றால் 36ஆம் வாரத்துக்குப் பிறகு சீம்பாலைக் கையால் எடுக்கப் பழக்கலாம். பிரசவத்துக்குப் பிறகு கற்பது கடினம், அழுதுகொண்டே கற்பது இன்னும் கடினம்.

வீட்டின் பங்கில், சேனை வைக்க விரும்பும் பெரியவர்களுக்கு மாற்றுவழி உண்டு. தாயிடம் பிழிந்த சீம்பாலில் ஒரு துளியைச் சுத்தமான கரண்டியில் தொட்டு வைக்கலாம். இந்தக் குடும்பத்தில் பின்னர் பிறந்த உறவுக் குழந்தைக்கு அப்படித்தான் செய்தார்கள்; பெரிய தாத்தா மறுக்கவில்லை.

தாயின் எம்ஜிடிடி ஆறாவது வாரத்தில் திரும்ப எடுக்கப்பட்டது: வெறும் வயிற்றில் 4.8, இரண்டு மணி நேரத்தில் 6.9. இயல்பு. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவருக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று அதே பிங்க் புத்தகத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள்.